கூமுட்டை யார் குற்றம்?



கோழி முந்தியா, முட்டை முந்தியா என்று கேட்டுவிட்டுக் கண் சிமிட்டுபவர்கள் நாட்டிலே ஏராளம். விடை காண முடியாத வினா என்று அதற்கொரு விளம்பரம் வேறு! விடை காணக்கூடிய வினா ஒன்று உண்டு. எந்த வீட்டுக் கொல்லையிலும், எவரும், இரண்டு மாத காலத்திலே ஆராய்ந்து முடிவு கண்டுவிடக்கூடிய வினா. அதை மட்டும் கேட்பாரில்லை. முட்டைக்குச் சேவல் வேண்டுமா?

நான் கேட்டிருக்கிறேன். மேடை ஏறுபவரிடமும் கேட்டேன், ஏர் பிடிப்பவரிடமும் கேட்டேன். "வேண்டாமா பின்னே? ஆணில்லாமல் எதுதான் நடக்கும்?" என்றனர் பலர். அந்த விடையிலே முட்டையைப் பற்றிய அறிவு இல்லை. ஆணைப் பற்றிய ஆணவம் மட்டும் இருக்கிறது.

உண்மை என்ன? முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை. குஞ்சுக்குத்தான் வேண்டும். முட்டை வேறு, குஞ்சு வேறு. இந்தச் சிறு வேறுபாட்டை அறியாத காரணத்தால் இரண்டு பெருங்கொடுமைகள் நடந்ததைக் கண்டவன் நான். முட்டையில் உயிர் இல்லை என்பதற்காக ஒரு பெண்ணின் தலையில் பழி விழுந்தது, அது ஒன்று. முட்டையில் உயிர் இருக்கிறது என்று கூறி ஏழைப் பிள்ளையின் தட்டிலிருந்து உணவு பறிக்கப்படுகிறது, இது மற்றொன்று. இரண்டு தீர்ப்பையும் வழங்கியவர்கள் முட்டையை உடைத்துப் பார்க்காதவர்கள்!

முதலில் முட்டை பிறக்கும் முறையைப் பார்ப்போம்.

பெட்டைக் கோழியின் உடலில் இடப்புறச் சூலகம் ஒன்றுதான் வளர்ந்து வேலை செய்கிறது. அதிலே கொத்துத் திராட்சை போலச் சிறிதும் பெரிதுமாக மஞ்சள் கருக்கள் வளர்கின்றன. முற்றிய கரு ஒன்று கழன்று விழுகிறது. புனல் போன்ற குழாய் வாய் அதை ஏந்திக்கொள்கிறது. அங்கே அது தங்குவது ஏறத்தாழ 15 நிமிடம். பிறகு உள்ளே இறங்குகிறது. சுமார் 3 மணி நேரம் வெள்ளைக் கரு சூழ்கிறது. அடுத்து, மெல்லிய சவ்வு இரண்டு போர்த்தப்படுகின்றன. அதன்பின் ஏறத்தாழ 20 மணி நேரம், சுண்ணாம்புச் சத்து படிந்து ஓடு கட்டுகிறது. ஆக, ஒரு நாள், அல்லது ஒரு நாளுக்குச் சற்று மேல். முட்டை வெளியே வருகிறது, கோழி கொக்கரிக்கிறது.

இந்த வேலைப் பட்டியலில் சேவலின் பெயர் எங்கே? எங்குமே இல்லை! வெளிச்சம் வேண்டும், தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும், சுண்ணாம்புச் சத்து வேண்டும். பெட்டை தானே ஆக்கும், தானே இடும்.

சேவலுக்குரிய நேரம் அந்த 15 நிமிடம்தான். புனல் வாயில் மஞ்சள் கரு தங்கும் வேளையில், சேவலின் விந்தணு அங்கே காத்திருந்தால், கரு கூடும். காத்திருக்கவில்லையென்றால் கூடாது. கூடினாலும் கூடாவிட்டாலும் வெள்ளைக் கரு சூழும், ஓடு கட்டும், முட்டை வரும். வெளித்தோற்றத்தில் வேறுபாடு கிடையாது, சுவையில் கிடையாது, சத்திலும் கிடையாது. ஓடு கட்டிய பிறகு சேவல் எத்தனை முறை சிறகடித்துச் சுற்றி வந்தாலும் அந்த முட்டைக்குள் எதுவும் நுழையாது.

வேறுபாட்டைக் காண வேண்டுமா? முட்டையைத் தட்டில் உடைத்து, மஞ்சள் கருவின் மேற்புறத்தைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியும். கரு கூடாத முட்டையில் அது சிறு புள்ளி. ஓரம் ஒழுங்கின்றி இருக்கும். கரு கூடிய முட்டையில் அது சற்றே அகன்ற வட்டம்; வட்டத்தைச் சுற்றி வளையம். அவ்வளவே! சில முட்டைகளில் இரத்தத் துளி காணப்படும், "பார், உயிர்!" என்று பதறுவார்கள். அது உயிரின் அடையாளமன்று. முட்டை உருவாகும் வேளையில் பெட்டையின் உடலுக்குள் மெல்லிய இரத்தக் குழாய் ஒன்று கசிந்ததன் அடையாளம். வெள்ளைக் கருவில் நூல் முறுக்குப் போலக் கிடப்பதைக் குஞ்சின் குடல் என்பாரும் உளர். அது மஞ்சள் கருவை நடுவிலே நிறுத்தும் கயிறு. எல்லா முட்டையிலும் உண்டு.

வளையம் உள்ள முட்டையும் குஞ்சன்று. ஏறத்தாழ 37.5 பாகை வெப்பம் 21 நாள் இடையறாது கிடைத்தால்தான் அது குஞ்சாகும். குளிர்ந்த இடத்தில் வைத்தால் வளர்ச்சி நின்றுவிடும். வளையம் இல்லாத முட்டையோ, தாய்க்கோழி தன் ஆயுள் முழுவதும் அடைகாத்தாலும் குஞ்சாகாது. அதற்குத் தமிழிலே பெயர் உண்டு: கூமுட்டை. அறிவு குறைந்தவனைத் திட்டுவதற்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டோம். முட்டை ஏன் கூமுட்டையாயிற்று என்று கேட்கும் அறிவைத்தான் எடுத்துக்கொள்ளவில்லை!

இனி நான் கண்ட வழக்கைக் கூறுகிறேன்.

1971ஆம் ஆண்டு. அப்போது நான் பத்து வயதுச் சிறுவன். எங்கள் குடும்பம் காட்டு வீட்டில் இருந்தது. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. அரை மைலுக்குள் வேறு வீடு இல்லை. அப்பத்தா கோழி வளர்த்தார். பெட்டை நான்கு, சேவல் ஒன்று. அந்த ஆண்டு ஆடி மாதம், கருப்பணசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது என்பதால், கழுத்தறுக்கப்பட்டுக் குழம்பாயிற்று. சாமி உண்டதோ இல்லையோ, பூசாரி உண்டார், நாங்களும் உண்டோம்.

அதே வாரத்தில் ஒரு பெட்டை முட்டையிடத் தொடங்கியது. பதினோரு முட்டை சேர்ந்ததும் அப்பத்தா அடை வைத்தார். ஒன்பது குஞ்சு பொரித்தது. வீட்டில் மகிழ்ச்சி.

புரட்டாசியில் அடுத்த பெட்டை முட்டையிட்டது. பதின்மூன்று சேர்ந்தது. அடை வைக்கும் சடங்கு எங்கள் வீட்டில் ஒரு வேள்விக்குக் குறைந்ததன்று. கூடையில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, இடி இடித்தால் கெட்டுவிடும் என்று இரும்புத் துண்டு, காத்துக் கருப்பு அண்டாதிருக்க அடுப்புக்கரி, கண்ணேறு கழிய மிளகாய் ஆகியவற்றை எல்லாம் வைத்துக் காவல் போட்டார் அப்பத்தா. 21 நாள் ஆயிற்று. 25 நாள் ஆயிற்று. ஒரு முட்டைகூட விரியவில்லை. உடைத்தால், கலங்கிய மஞ்சள் நீர். பதின்மூன்றும் கூமுட்டை!

யார் குற்றம்? இடியைக் குற்றம் கூற இயலவில்லை. இரும்பு காவல் இருந்தது. கண்ணேறு என்று கூற இயலவில்லை. மிளகாய் காவல் இருந்தது. காவல் போட்டவர் அப்பத்தா; தம் காவல் தோற்றது என்று அவரே கூறுவாரா? குற்றவாளி ஒருவர் தேவைப்பட்டார். வீட்டுக்குப் புதிதாக வந்தவள் ஒருத்தி இருந்தாள். என் சித்தப்பாவை மணந்து எட்டு மாதம் ஆகியிருந்த சித்தி. வயது பத்தொன்பது. தூரமான நாளிலே, மழைச்சாரல் அடித்தபோது, அந்தக் கூடையை அவர் திண்ணையிலிருந்து உள்ளே எடுத்து வைத்தாராம். போதாதா? "தீட்டுப் பட்டது! பதின்மூன்று உயிரும் போயிற்று!" என்று தீர்ப்பு எழுந்தது.

சித்தி அழவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"சேவலைத்தான் ஆடியிலேயே அறுத்துவிட்டோமே, அத்தை. சேவல் இல்லாமல் இட்ட முட்டையில் குஞ்சு எப்படி வரும்?"

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பெண் கேட்ட கேள்வி அது. கண்ணால் கண்டதையும் நாள் கணக்கையும் இணைத்துப் பார்த்துக் கேட்ட கேள்வி. அறிவியல் என்று நாம் போற்றுவது அதைத்தானே!

அப்பத்தாவிடம் எதிர்க்கேள்வி இருந்தது. "சேவலை அறுத்த பிறகு இட்ட முட்டைதானே முதல் அடை? அது மட்டும் எப்படிப் பொரித்தது?"

சித்தியால் பதில் கூற முடியவில்லை. வாசலில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், வாதத்தை முடித்து வைத்தார்: "பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியப் போகிறது?"

அவ்வளவுதான். அன்று முதல் கோழிக்கூட்டின் பக்கம் சித்தி போகலாகாது என்று தடை. அடுத்த ஆண்டும் அவர் வயிற்றில் குழந்தை தங்காதபோது, கூமுட்டைக் கதை மீண்டும் எழுந்தது. "முட்டையைக் கூமுட்டை ஆக்கியவளுக்கு வயிறு எப்படித் திறக்கும்?" என்றனர். கிணற்றடியில் கேட்டார், களத்துமேட்டில் கேட்டார், தம் தங்கையின் திருமண வீட்டிலும் கேட்டார். பதின்மூன்று முட்டைக்காக ஒரு பெண் சுமந்த சுமை அது.

தோழர்களே, தீட்டுதான் காரணமென்றால், செத்த குஞ்சு எங்கே? உயிர் இருந்து போயிருந்தால், உடைத்த முட்டையில் இரத்த நரம்பாவது, கண்ணின் கறுப்புப் பொட்டாவது இருந்திருக்க வேண்டாமா? பதின்மூன்றிலும் எதுவுமே இல்லை. இல்லாத உயிரைக் கொன்றதாக ஒருத்திக்குத் தண்டனை! பிணமே இல்லாத கொலைவழக்கில் தூக்குத் தண்டனை விதிக்கும் நீதிமன்றம் உலகில் எங்கேனும் உண்டா? எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தது.

முதல் அடை எப்படிப் பொரித்தது என்ற அப்பத்தாவின் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை உண்டு. அந்த விடையின் தொடக்கம் 1651ஆம் ஆண்டிலேயே நூலேறிவிட்டது.

இரத்தம் உடலில் சுற்றி ஓடுகிறது என்று நிலைநாட்டிய இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஆர்வி, அந்த ஆண்டில் உயிர்களின் பிறப்பைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். கோழி முட்டையை நாள்தோறும் ஒன்றாக உடைத்துப் பார்த்தவர் அவர். அவருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்து அரிசுடாட்டில் அப்படி உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாள் கடந்ததும் துடிக்கும் செந்நிறப் புள்ளி இதயம் என்று எழுதினார். சேவலின்றி இடப்படும் முட்டைகளையும் அறிந்திருந்தார். அவற்றைக் காற்றால் உண்டான முட்டைகள் என்று அந்நாட்டு மக்கள் அழைத்தனர். ஆர்வி கண்ட வியப்பு இது: சேவலைப் பிரித்த பிறகும், பெட்டைகள் பல நாட்களுக்குக் குஞ்சு பொரிக்கும் முட்டைகளையே இடுகின்றன! பெட்டையின் உடலை அறுத்துத் தேடினார். சேவலின் விந்து அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. நுண்ணோக்கி இன்றித் தேடினால் எப்படித் தென்படும்? விளங்காமலே விட்டார், ஆனால் கண்டதை மறைக்காமல் எழுதினார். சாமி குற்றம் என்று எழுதவில்லை. பெட்டையின் குற்றம் என்றும் எழுதவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நுண்ணோக்கி அந்தப் புதிரை அவிழ்த்தது. பெட்டையின் கருக்குழாய்ச் சுவரில், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் பல உள்ளன. ஒருமுறை சேவல் சேர்ந்தால், விந்தணுக்கள் அந்த நுண்குழாய்களில் தங்கி, இரண்டு வாரம், சில வேளை மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும். நாள்தோறும் சிறிது சிறிதாக வெளிப்பட்டு, புதிது புதிதாக இறங்கும் மஞ்சள் கருவைச் சேரும். சேவல் குழம்பான பிறகும் அதன் வித்து பெட்டையின் உடலில் இருந்தது. முதல் அடை பொரித்தது. புரட்டாசியில் வித்து தீர்ந்துபோயிற்று; இரண்டாம் அடை கூமுட்டையாயிற்று. ஆடி மாதத்துக் கருப்பணசாமி வழிபாடே ஐப்பசி மாதத்துக் கூமுட்டைக்குக் காரணம்! சாமிக்கு வெட்டியதன் விளைவு, பழி பெண்ணுக்கு!

கல்லூரியில் விலங்கியல் பயின்றபோது இதைப் படித்தேன். அந்த விடுமுறையிலேயே சித்தியிடம் போய்க் கூறினேன். அதற்குள் அவருக்கு இரண்டு பெண்மக்கள் பிறந்திருந்தனர். முழுவதும் கேட்டுவிட்டு, "முதல் அடைக்குப் பதில் தெரியாமல்தானே அன்று வாயடைத்து நின்றேன்" என்றார். நெடுநேரம் வேறெதுவும் பேசவில்லை.

பெண்மக்கள் என்றேன். அதற்கும் அவர்தாம் பழி சுமந்தார். இங்கேயும் கோழி நமக்குப் பாடம் புகட்டுகிறது. கோழியினத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது பெட்டையின் கருவே. சேவலுக்கு அதில் பங்கில்லை. மனித இனத்தில் நிலைமை நேர்மாறு. தாயின் கருமுட்டை எல்லாம் ஒரே வகை. தந்தையின் விந்தணுதான் இரு வகை. பிறப்பது பெண்ணா ஆணா என்பது தந்தையிடமிருந்து வந்த அணுவைப் பொறுத்தது. விந்தணு இரு வகை என்பதையும், அதுவே ஆண் பெண் பேதத்துக்குக் காரணம் என்பதையும் 1905ஆம் ஆண்டில், புழுவண்டு ஒன்றை ஆராய்ந்து காட்டியவர் அமெரிக்க நாட்டு நெட்டி சுடீவன்சு என்ற பெண்மணி. நூறாண்டு கடந்துவிட்டது. "பெண்ணாகவே பெறுகிறாள்" என்று மருமகளை ஏசும் மாமியாரும், மறுமணம் தேடும் மகனும் நாட்டில் ஒழிந்துவிட்டனரா? கோழிக்குப் பொருந்தும் சட்டத்தை மனைவிக்குப் பூட்டுகிறார்கள். அதையும் தெரிந்து பூட்டவில்லை!

"பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியாது" என்றாரே பெரியவர், அவருக்கும் ஒரு செய்தி. சேவல் கூவியும் பொழுது விடிவதில்லை! சேவலின் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. வைகறை வருமுன்பே கூவு என்று அது சேவலை ஏவுகிறது. சப்பானிய நாட்டு நகோயாப் பல்கலைக்கழகத்தார், பகலிரவு தெரியாதபடி ஓயாத மங்கல் வெளிச்சத்தில் சேவல்களை அடைத்து ஆராய்ந்து, அந்த இருளிலும் நாளுக்கொருமுறை விடியல் வேளையில் அவை கூவியதை 2013இல் வெளியிட்டனர். பொழுது சேவலைக் கேட்டு விடிவதில்லை. பெண்ணின் வாயை அடைக்க ஆணுலகம் படைத்த பழமொழி, சேவலிடம்கூடத் தோற்றுவிட்டது.

இனி இரண்டாவது கொடுமைக்கு வருவோம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில், 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. படிப்படியாக வளர்ந்து, 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டை என்றாயிற்று. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். குடல் எளிதில் ஏற்கும் புரதம். கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்தும், இரத்தத்துக்கு வேண்டிய சத்தும் உடன் உண்டு. கூழும் ஊறுகாயும் கண்ட குடிசைப் பிள்ளைக்கு அது எத்தகைய செல்வம் என்பதை, தட்டேந்தி வரிசையில் நின்ற முகங்களைக் கண்டவர்கள் அறிவர்.

1989இல் நான் ஓர் ஊராட்சிப் பள்ளியில் ஆசிரியன். முட்டை வந்த நாளன்று ஒருவர் வந்தார். கைத்தறி நெய்பவர், மெலிந்த உடல், உடன் அவரைவிட மெலிந்த மகன். "ஐயா, இவனுக்கு முட்டை வேண்டாம். உள்ளே உயிர் இருக்கிறது, பாவம் சேரும் என்று சொல்கிறார்கள்" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. சமையற்கூடத்திலிருந்து பண்ணை முட்டை ஒன்றும், பக்கத்து வீட்டிலிருந்து நாட்டுக்கோழி முட்டை ஒன்றும் வாங்கிவரச் செய்து, இரண்டு தட்டில் உடைத்தேன். புள்ளியைக் காட்டினேன், வளையத்தைக் காட்டினேன். நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளில் முட்டைக்கென்று வளர்க்கும் பெட்டைகளின் நடுவே சேவலே கிடையாது என்பதை எடுத்துரைத்தேன். அவர் குனிந்து இரண்டையும் நெடுநேரம் பார்த்தார். "இதில் குஞ்சே வராதா?" என்றார். "எந்நாளும் வராது" என்றேன். "அப்படியானால் போடுங்கள் ஐயா" என்றார். பையன் உண்டான்.

மகிழ்ந்தேன். எனினும், அன்றிரவே ஒரு கேள்வி நெஞ்சைக் குடைந்தது. அன்று பள்ளிக்கு வந்தது நாட்டுக்கோழி முட்டையாக இருந்து, எல்லாவற்றிலும் வளையம் இருந்திருந்தால்? அந்தப் பிள்ளை பசியோடு போயிருக்க வேண்டுமா? புள்ளிக்குச் சோறு, வளையத்துக்குப் பட்டினியா?

காந்தியார் இந்தச் சிக்கலைத் தொட்டிருக்கிறார். 1942இல் தொடங்கிய சிறைவாசத்தின்போது அவர் எழுதிய உடல்நல நூலில், சேவலைக் காணாத பெட்டை இடும் முட்டையில் குஞ்சு உண்டாவதில்லை, ஆகையால் பால் அருந்துவோர் அத்தகைய முட்டையை உண்ணத் தடையில்லை என்ற கருத்தை வெளியிட்டார். புலால் மறுத்தவர், உண்மையை மறுக்கவில்லை. பாராட்டுவோம். ஆனால் அவர் பெயரைக் கூறி வாழ்பவர்களில் பலர், அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை!

2015இல் மத்தியப் பிரதேசத்தில், பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளின் குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் முட்டை வழங்கலாம் என்ற திட்டம் வந்தது, முதலமைச்சர் மறுத்துவிட்டார். 2021இல் கருநாடகத்தின் வடகிழக்கு மாவட்டப் பள்ளிகளில் முட்டை தொடங்கியபோது, மடாதிபதிகள் சிலர் எதிர்த்தனர். அங்கே மாணவிகளே எழுந்து, எங்களுக்கு முட்டை வேண்டும் என்று குரல் கொடுத்தனர். திட்டம் நின்றது, பிறகு மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. பெட்டைக் குரல் விடியலைக் கொண்டுவந்தது என்று அந்தப் பழமொழியைத் திருத்தி எழுதுவோமா?

எதிர்ப்போர் கூறும் காரணம் யாது? உயிர்க்கொலை! கருவே கூடாத முட்டையில் கொலை ஏது? வேண்டாம் என்கிற பிள்ளையை யாரும் வற்புறுத்தவில்லை. இங்கே முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். வேண்டும் என்கிற பிள்ளையின் தட்டில் கைவைப்பது என்ன அறம்? அடியில் இருப்பது உயிரின்மேல் அன்பன்று. ஒரு சாராரின் உணவே உயர்ந்த உணவு, மற்றோர் அதன்முன் தலைகுனிய வேண்டும் என்ற பழைய ஏற்பாடு. தட்டிலும் வருணம்!

உயிரின்மேல் உண்மையான அன்புடையார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. முட்டைக்கு வளர்க்கும் இனத்தில் பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவல். சேவல் முட்டையிடாது, அந்த இனத்துச் சேவல் கறிக்கும் விரைவில் பெருக்காது. ஆகவே, பொரித்த அன்றே உலகெங்கும் கோடி கோடியாகக் கொன்று ஒழிக்கிறார்கள். செருமனி நாடு 2022 தொடக்கம் முதல் சட்டம் போட்டு இதைத் தடுத்தது. முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று கண்டறியும் முறைகள் வந்துள்ளன. பெட்டைகளோ கால் நீட்டவும் இடமில்லாக் கூண்டுகளில் வாடுகின்றன. இவற்றை மாற்றக் குரல் எழுப்புங்கள். நாமும் உடன் வருவோம். வெள்ளைப் புள்ளிக்காக வெகுண்டெழுபவர்கள், கண் திறந்து கத்தும் குஞ்சுக்காக மூச்சுவிடுவதில்லையே, ஏன்? குஞ்சைக் காக்கும் போரில் ஏழைப் பிள்ளையை அடக்க வழியில்லை, அதனால்தான்!

ஆகவே, நாம் இரண்டு செய்தியையும் ஒருசேரக் கூற வேண்டும். பண்ணை முட்டையில் கரு இல்லை என்பது உண்மை. உண்மை என்பதற்காகக் கூறுவோம். பிள்ளையின் உணவு உரிமையோ அந்த உண்மையின் தயவில் நிற்கவில்லை; பசித்த வயிறு புள்ளியையும் வளையத்தையும் காட்டி யாரிடமும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதில்லை. முன்னதை மட்டும் கூறினால், மடாதிபதியின் தராசை ஒப்புக்கொண்டவர்கள் ஆவோம். பின்னதை மட்டும் கூறினால், பாவம் சேரும் என்று அஞ்சிவந்த நெசவாளியின் ஐயத்தைத் தீர்க்காதவர்கள் ஆவோம்.

இளைஞர்களே! மன்றத்துக் கூட்டங்களில் நீண்ட சொற்பொழிவுகள் ஆற்றுகிறீர்கள். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு முட்டையும் இரண்டு தட்டும் எடுத்துச் செல்லுங்கள். தாய்மாரை முன்வரிசையில் அமர்த்துங்கள். ஒரு விளக்கு வைத்து, முட்டைகளை உடைத்து, அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். சேவல் இல்லாத வீட்டில் அடை வைத்தால் என்ன நேரும், சேவல் போன பின் எத்தனை நாள்வரை குஞ்சு வரும் என்று அவர்களையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். செலவு மிகச் சிறிது. உடைத்த முட்டைகளை வீணாக்காமல் பொரித்து, அங்கே இருக்கும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள்.

எந்த வீட்டிலாவது, எவளாவது ஒருத்தி, "சேவல்தான் இல்லையே, பிறகு எப்படி?" என்று கேட்டால், அவளைப் பேச விடுங்கள்.